ஹெட்மாஸ்டர் படி

மயிலாப்பூர், காலை பதினோரு மணி. ஊருக்குத் திரும்ப ரயில் சாயங்காலம்தான் என்பதால், அப்பா படித்த பையன்கள் பள்ளியைப் பார்க்க வந்திருக்கிறேன். வெள்ளைக்காரப் பாதிரியார்கள் தொடங்கிய பள்ளி. நடுவாசலில் அகலமான கருங்கல் படிகள். அதில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. அவருக்காக நான் ஏறிவிடலாமென்று முதல் படியில் காலை வைக்கிறேன்.

“சார், சார், அதுல ஏறாதீங்க!” வாட்ச்மேன் ஓடி வருகிறார். “அது ஹெட்மாஸ்டர் படி. வெள்ளக்காரன் போட்ட ரூல்ஸு. பசங்க, வாத்தியாருங்க எல்லாம் சைடுலதான்.”

“வெள்ளைக்காரன் போயி அம்பது வருஷம் ஆகப்போகுது. இப்ப இருக்கிற ஹெட்மாஸ்டராவது ஏறுறாரா?”

“இன்னா சார் நீங்க, அவரு இங்கியே படிச்சவரு. அதுல ஏற அவருக்கே கால் வரல. சைடாலதான் போய்க்கினு கீறாரு.”

எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. நடுப்படிகளின் விளிம்பு நேற்றுச் செதுக்கியதுபோல் கூராக இருக்கிறது. பக்கவாட்டுப் படிகளோ பையன்கள் ஏறி இறங்கி நடுவில் குழிந்து கிடக்கின்றன.

வைத்த காலை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் ஏறுகிறேன். அப்பா தேய்த்த படி இதுதான்.