எங்க, இருமு

பலகை கைக்கு வந்ததும் தச்சர் முதலில் அதைத் தட்டுவார். காதைச் சாய்த்து, விரல் கணுவால் இரண்டு தட்டு. பிறகு தண்ணீர் அள்ளுவதுபோல் உள்ளங்கையைக் குவித்து இன்னொரு தட்டு. "உள்ள அரிச்சிருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும் சார்." மரக்கடையில் அவருக்குத் 'தட்டுக்காரர்' என்றே பெயர். மனிதர் கோபித்துக்கொள்வதில்லை.

என் வீட்டு அலமாரி வேலைக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. அளவெடுக்கும்போது மட்டும் ஊமை. மற்ற நேரம் வாய் ஓயாது. "இத்தனையும் படிச்சாச்சா, இல்ல அலமாரிய நிரப்ப வாங்கினதா?" என்று என் புத்தகங்களைக் காட்டிக் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

அந்தக் குவித்த கை மரத்துக்காகப் பழகியதல்ல. அவர் மகளுக்குப் பத்தொன்பது வயது. நுரையீரலில் பசைபோல் சளி கட்டும் பிறவி நோய். "நெத்தியில முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்கும் சார். அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க." காலையும் மாலையும் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகிலும் விலாவிலும் அரை மணி நேரம் தட்டுவார். சளி இளகி இருமலோடு வரவேண்டும். கிருமி இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயில் அழற்சி அடங்காது என்று டாக்டர் சொன்னதை அவர் எனக்குத் தன் பாஷையில் சொன்னார்: "குழாய் உள்ளுக்குள்ள வீங்கிப் புண்ணாயிக்கிட்டே இருக்காம். வெளிய பார்த்தா புள்ள சிரிச்சுக்கிட்டிருக்கும்."

மரத்தூள் அவளுக்கு ஆகாது. அதனால் என் வீட்டுப் பின்புறக் குழாயில் தலைக்குக் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். "பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். காரணம் தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டுக்கு மகள் போன் செய்வாள். சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கமாட்டார். "எங்க, இருமு." அவள் இருமுவாள். கண்ணை மூடிக் கேட்பார். "ஈரமாத்தான் இருக்கு. நல்லது, நல்லது." பிள்ளையின் இருமலைக் கேட்டு முகம் மலரும் தகப்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏன் என்று நேற்றுத்தான் சொன்னார். இறந்துபோன மூத்த மகனுக்கும் இதே நோய். பதினாலு வயதில் ஒரு வாரம் அவன் இருமவே இல்லையாம். "மருந்து கேக்குதுன்னு நெனச்சேன் சார். தூங்கட்டும் பாவம்னு தட்டாம விட்டுட்டேன். சளி உள்ளயே அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. எத்தனை மரத்தைத் தட்டிப் பார்த்தவன் நான்..." முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது.

இன்று காலை மகளுக்கு அரை மணி தட்டியும் சளி வரவில்லை என்று வந்ததும் சொன்னார். பிறகு ஒரே பலகையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டுக்குப் போன் வந்தது. கையெல்லாம் பசை, ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க, இருமு."

மெல்லிய வறட்டுச் சத்தம். "வரலப்பா. ஆனா நல்லாத்தான் இருக்கேன். நெஞ்சு மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"சரிம்மா. அம்மாவக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி இரு. அப்பா இதோ வந்துட்டேன்."  

பசை பூசிய பலகையைப் பாதியிலேயே விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார். வாசற்படியில் சட்டென்று நின்றார். தலையைத் தடவி, விரலில் ஒட்டிய மரத்தூளைப் பார்த்தார். திரும்பி வந்து, பின்புறக் குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, ஒவ்வொரு நகக்கண்ணாகக் கழுவத் தொடங்கினார்.