மாலை போட்டவரின் ரத்தம்

ஜெபசுதாவுக்கு வாய் நீளம் என்று தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் சின்ன வயதிலேயே பெயர். ஞாயிறு பள்ளியில் கேள்வி கேட்டே ஓர் ஆசிரியையை அழவைத்தவள். வெளியூரில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, ரத்தப் புற்றுநோயை ஆராயப் போகிறேன் என்று தூத்துக்குடிக்கே திரும்பி வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "வீட்டுல யாருக்காவது அந்த வியாதி இருக்கா?" யாருக்கும் இல்லை. வீட்டில் ஒருத்தர் செத்தால்தான் ஒரு பொம்பளை ஒன்றைப் படிக்க வேண்டுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அம்மா ஜீவமணிக்கு மானம் போயிற்று. அமெரிக்காவுக்குப் போயிருந்தால் மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது அம்மாவின் கணக்கு. மகளோ துறைமுகச் சாலையில் ஓர் ஆய்வு மையத்தில், உறைகுளிர்ப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். இப்போது நாற்பது தாண்டியாயிற்று. அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

அவள் ஆராய்வது மெல்ல வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோயை. ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவது குரோமோசோமும் உடைந்து, துண்டு மாற்றி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் உருவாகும் புது மரபணு ஒரு புரதத்தைச் செய்யும். அதற்கு நிறுத்தத் தெரியாது; பெருகு, பெருகு என்று வெள்ளணுக்களை விரட்டிக்கொண்டே இருக்கும். தினமும் விழுங்கும் மருந்து அந்தப் புரதத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை அடக்கிவைக்கும். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் மனிதர் கடை நடத்தலாம், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சலாம். சிலருக்கு மரபணுவில் ஓர் எழுத்து மாறி, மருந்து உட்கார முடியாமல் போய்விடும். எழுத்து எதுவும் மாறாமலே மருந்து தோற்றுப்போகிற ஆட்களும் உண்டு. அது ஏன் என்பதைத்தான் ஜெபசுதா வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்படி வந்து மாட்டினார் சுடலைக்கண்ணன். மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மையத்தின் திட்டத்தில் இலவசமாக மருந்து வாங்கி, சில வருடங்களாக நன்றாகவே இருந்தார். தசரா சமயத்தில் எடுத்த ரத்தத்தில் மட்டும் கெட்ட மரபணுவின் அளவு கிடுகிடுவென்று ஏறியிருந்தது. ஜெபசுதா அதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. அவள் மனம் துள்ளியது. தேடிய ஆள் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தாள். இயக்குநர் டாக்டர் சங்கரலிங்கம் அவளுக்கு மேலே துள்ளினார். சென்னை மாநாட்டில் பேசத் தலைப்பே வைத்துவிட்டார்.

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான் பாக்கி. பார்த்தாள். இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை.

சங்கரலிங்கத்தின் முகம் மாறியது. "வாங்கிட்டுப் போயி குப்பைல போட்டிருக்கான். அடுத்த மாசம் திட்டத்துல இருந்து எடுத்துருங்க. எத்தனையோ பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

"ஒருநாளும் விடலன்னு சொல்லுதாரே, சார்?"

"எல்லாவனும் அதத்தான் சொல்லுவான்."

இலவச மருந்து நின்றால் கைக்காசில் வாங்க அந்தக் கடை தாங்காது. மருந்து இல்லாவிட்டால் நோய் முற்றும், மனிதர் சாவார். இது இயக்குநருக்கும் தெரியும். ஆராய்ச்சி கைநழுவிப் போனதில் ஜெபசுதாவுக்கும் எரிச்சல்தான். ஆனால் ஒருவரைப் பொய்யர் என்று முத்திரை குத்துமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கே போய்விட்டாள்.

சுடலைக்கண்ணனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வருசா வருசம் குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, காளி வேஷம் கட்டுதவன் நான். மாலை போட்டவன் பொய் சொல்லுவானா, டாக்டரம்மா? முத்தாரம்மன் சத்தியமா ஒருநாள் விடல."

"விரதத்துல எப்படித் தின்னிய, அண்ணாச்சி? அப்படியே செய்து காட்டுங்க."

அவர் ஒரு கேப்சூலை எடுத்தார். இரண்டாகத் திருகிப் பிரித்தார். கூட்டைத் தூர எறிந்துவிட்டு, பொடியை உள்ளங்கையில் தட்டினார். "இந்தக் கூடு மாட்டெலும்புல செய்ததாம்லா. இந்த வருசந்தான் மருந்துக்கடையில சொன்னாவ. மாலை போட்டுட்டு அதைத் தின்ன முடியுமா? அதான் பொடிய மட்டும் வாயில போட்டுக்கிடுவேன். காலையில குளிச்ச ஒடனே."

"சாப்பிட்டுட்டா?"

அவர் மனைவி பேச்சிச்செல்வி உள்ளிருந்து வந்தாள். "எங்க சாப்பிட? காளி வேஷத்துக்கு மத்தியானம் ஒரு நேரம் பச்சரிசிச் சோறுதான். வெறும் வயித்துல அந்தக் கசப்பப் போட்டுட்டு, கொல்லைக்கு ஓடிப்போயி வாந்தி எடுப்பாவ. டாக்டர்ட்ட சொல்லுங்கன்னா கேட்டாத்தான?"

"ஏளா, சும்மா கெட. வாந்தி எடுத்தாலும் தின்னது தின்னதுதான?" என்றார் அவர். உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார்.

ஜெபசுதாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாநாட்டுத் தலைப்பு அந்தக் கொல்லையில்தான் போயிருந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. மருந்து எடுக்கிறீர்களா என்று மாதந்தோறும் கேட்ட மையம், எப்படி, எதோடு என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஊரே மாலை போடுகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்கத் தோன்றாத படிப்பு என்ன படிப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள்.

விஷயம் தெரிந்ததும் இயக்குநர் எளிதாக முடித்துவிட்டார். "அப்ப விரதத்தை விடச் சொல்லுங்க. இல்லேன்னா மருந்து கிடையாது."

சுடலைக்கண்ணனும் அவருக்குச் சளைத்தவர் இல்லை. "மருந்து தந்தா சாமிய விட்டுக்குடுக்கணுமோ? உங்க மருந்தே வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். பேச்சிச்செல்வி மையத்தின் வாசலிலேயே அழுதாள்.

வீட்டில் ஜீவமணியும் விடவில்லை. "காளி வேஷத்துக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குத?"

"ஏசு யாருக்காவது சுகம் குடுக்கையில, நீ என்ன மாலை போட்டிருக்கன்னு கேட்டாராம்மா?"

ஜீவமணி முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். மகள் மறுநாள் இயக்குநர் அறையில் போய் ஒற்றைக்காலில் நின்றாள். அதே மருந்து கூடு இல்லாத மாத்திரையாகவும் வருகிறது. அதை மத்தியானச் சோற்றோடு கொடுப்போம் என்றாள். "அடுத்த தசராவுக்கு மாலையோட இருக்கையிலயே ரத்தம் எடுக்கேன் சார். அளவு ஏறியிருந்தா, அவரு பேரோட சேத்து என் பேரையும் எடுத்துருங்க. நான் போயிருதேன்."

இவள் வாயிலிருந்து தப்பித்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, சங்கரலிங்கம் சரி என்றார். சுடலைக்கண்ணனை மறுபடி அழைத்துவர அவள் இரண்டு தடவை கடைக்கு அலைந்தாள். புது மாத்திரையில் அளவு மாதாமாதம் இறங்கியது. ஆனாலும் இயக்குநர் மசியவில்லை. "தசரா வரட்டும்" என்றார்.

தசராவும் வந்தது. சுடலைக்கண்ணன் குலசேகரன்பட்டினத்துக்குப் போகும் வழியில் முழு வேஷத்தோடு மையத்துக்குள் நுழைந்தார். தலையில் கிரீடம், முகமெல்லாம் சாயம், முதுகில் விரிந்த மரக்கைகள். காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வரிசையில் இருந்த நோயாளிகள் எழுந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, கைய நீட்டுங்க. மரக்கை இல்ல, நெசக்கை" என்றாள் ஜெபசுதா. சாயத்தைத் துடைத்து நரம்பைத் தேடினாள். "மாத்திரை?"

"சோத்தோடதான் தின்னுதேன். வாந்தி இல்ல. இந்த வருசம் ஆட்டம் எப்படின்னு மட்டும் வந்து பாருங்க."

ரத்தம் எடுத்தாயிற்று. வேலை போனால் போகட்டும், இந்த மனிதர் போய்விடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அதைச் சோதனைக் கருவியில் ஏற்றினாள். கருவி சுற்றுச் சுற்றாக ஓடியது. ஒப்பிட்டுப் பார்க்கும் நல்ல மரபணுவின் கோடு திரையில் ஏறியது. கெட்டதன் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டினாள். அப்போதும் அப்படியே கிடந்தது. கையுறையோடு உட்கார்ந்து நன்றாக அழுது முடித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

சங்கரலிங்கம் முடிவைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "சரி, இந்தத் தடவை தப்பிச்சிட்டாரு. அடுத்த வருஷமாவது மாலை போட வேண்டாம்னு சொல்லிவைங்க. எதுக்கு வம்பு?"

"போடுவாரு, சார்" என்றாள் ஜெபசுதா. "நாம குடுக்கிற மாத்திரையத் தின்னுட்டுத்தான் போடுவாரு."