கிளெனிஸ் கேட்ட இரண்டாவது வாசல்

கிளெனிஸ் போகாக் எங்கள் கல்டரி ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவி. அதற்குச் சம்பளம் கிடையாது. பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். படையின் ரேடியோவில் அழைப்புகளைக் கவனிப்பவள் நான்.

குன்றின் மேல் காற்றாலைகள் தரும் மின்சாரத்தைச் சேமிக்க, இன்று ஊர் எல்லையில் வரிசை வரிசையாக வெள்ளைப் பெட்டிகள் நிற்கின்றன. எல்லாம் பேட்டரிகள். அவை வந்ததில் கிளெனிஸின் பங்கு ஒரு கையெழுத்து. அதை அவள் போட மறுத்த நாளை நான் பார்த்தேன்.

பேட்டரி நிலையம் கட்டுகிறவர்களுக்கு வருமான உத்தரவாதம் தரும் அரசுத் திட்டம் ஒன்று வந்திருந்தது. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். விண்ணப்பத்தோடு எங்கள் படையின் சம்மதக் கடிதமும் போக வேண்டும். புதன்கிழமை ஊர் மண்டபத்தில் பேட்டரி நிறுவனத்தின் பொறியாளர் லூக்கா வரைபடத்தை விரித்தார்.

"ஒரே ஒரு கையெழுத்துதான், கிளெனிஸ்."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "வடக்குக் காத்து அடிச்சா புகை எந்தப் பக்கம் போகும்?"

"தெற்குப் பக்கம்."

"உங்க வாசல் எங்க இருக்கு?"

லூக்கா வரைபடத்தில் விரலை வைத்தார். இருந்த ஒரே வாசல் தெற்கில், நெடுஞ்சாலையை ஒட்டி.

ஆடு வளர்க்கும் கிளெம் பின்வரிசையிலிருந்து கத்தினான். "ஏய் கிளெனி, இன்னும் கட்டவே இல்ல, அதுக்குள்ள தீ வச்சிட்டியா?"

மண்டபம் சிரித்தது.

"உனக்குத் தீப்பிடிச்சா யாரக் கூப்பிடுவ? உன் ஆட்டையா?"

"வெளையாடாத, கிளெனி. இது வேற ஊருக்குப் போச்சுன்னா, உன் பஸ்ல ஏத்தப் புள்ளைங்களே இருக்காது."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்ததை முகத்தில் கண்டேன். ஒரு காலத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் ஏறிய பேருந்தில் அந்த ஆண்டு ஒன்பது பேர்.

"எனக்கும் வேணும்தான்," என்றாள். "ஆனா கோடையில நம்ம காத்து காலைல வடக்கு, மத்தியானம் சட்டுனு தென்மேற்கு. காலைல வடக்க நுழையணும், காத்து திரும்பினா தெக்க வெளிய வரணும். ரெண்டாவது வாசலக் கண்ணால பாக்காம எந்த வயலுக்குள்ளயாவது தீயணைப்பு லாரிய விட்டிருக்கோமா, கிளெம்? நம்ம படையில நீதானே ரெண்டாவது லாரி ஓட்டுற?"

கிளெம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். வடக்கே வாசல் வைத்தால் பாதை அவன் நிலத்தில்தான் வர வேண்டும்.

"அஞ்சு மீட்டர் அகலம் போதுமா?" என்றான் கடைசியில்.

"எட்டு."

"கொள்ளக்காரி. எழுதிக்கோ, லூக்கா."

வெள்ளிக்கிழமை காலை இரண்டு வாசல்களோடு புதிய வரைபடம் வந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தின் முன்பக்க என்ஜின் மூடி மேலேயே அதை விரித்து, ஒவ்வொரு கோடாகப் பார்த்த பிறகுதான் கையெழுத்திட்டாள்.

அன்று பிற்பகலே கிளெம் வடக்கு வாசலுக்குப் பாதை விட வேலிக் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தான்.

"அரசாங்கம் இன்னும் சரின்னே சொல்லலயே," என்றேன்.

"சொல்லும். யார் பாத்துப் போட்ட கையெழுத்து அது?"