சாங்வி வீட்டுச் சுவரும் பன்னிரண்டு சுருட்டுகளும்

என் மைத்துனன் ராணுவத்தில் மேஜர். ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்தபோது, அங்கத்திய வெயிலில் பொடியாகிவிடும் என்று பன்னிரண்டு சுருட்டுகளை ஒரு தேவதாரு மரப்பெட்டியோடு புனேயில் எங்கள் சாங்வி வீட்டில் விட்டுப் போனான். கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில் அவனோடு பயிற்சி முடித்தவர்கள் மே இரண்டாவது ஞாயிறு அங்கே கூடும்போது ஆளுக்கொன்று பற்றவைப்பார்களாம். பெட்டிக்குள் ஒரு ஈரப் பஞ்சும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் இருந்தன. அறுபத்தொன்பது, ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. ஆனாலும் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து காலையும் மாலையும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன். குளிர்காலம் முழுக்க எண் தள்ளாடியது. மார்ச் இரண்டாம் வாரத்தில் அறுபத்தொன்பதில் நின்றது, பிறகு அசையவில்லை. புனேயின் ஏப்ரலில் உதடே வெடிக்கும். என் பெட்டியில் பஞ்சுக்குத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில், படுக்கையறையில் பெட்டி இருந்த அலமாரிக்குப் பின்னால் பெயிண்ட் உப்பியது. மேல்வீட்டுக் குழாய் மார்ச்சிலிருந்தே சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. மேல்வீட்டில் தனியாக இருக்கும் மராட்டிப் பெண்மணி, நாங்கள் காகு, அதாவது சித்தி, என்று கூப்பிடுபவர், இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டு, மறுநாளே பிளம்பரை அழைப்பதாகச் சொன்னார். நான் அவசரமே இல்லை, மே இரண்டாவது ஞாயிறு கழித்துப் பார்க்கலாம் என்றேன். காகு தினமும் வந்து கேட்டார். நான் தினமும் சிரித்துக்கொண்டே மறுத்தேன்.

"செவுரு ஊறிக்கிட்டிருக்கு. நீங்க நம்பர் எழுதிக்கிட்டிருக்கீங்க," என்றாள் மனைவி.

என்னுடைய அந்தச் சிரித்த மரியாதைதான் காகுவைப் பயமுறுத்தியிருக்கிறது. நோட்டையும் பார்த்துவிட்டார், வழக்குப் போட ஆதாரம் சேர்க்கிறேன் என்று முடிவுகட்டி, அந்த ஞாயிறுக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸில் இருந்தபோது குழாயைச் சரிசெய்துவிட்டார்.

புதன் மாலை ஐம்பத்தேழு. பஞ்சை நனைத்தேன், எழுபத்தெட்டு. பிழிந்தேன், அறுபது. வெள்ளி வரை இப்படியே ஆடினால் சுருட்டின் மேல் இலை பிளந்துவிடும். வேறு வழியில்லாமல் மேலே போய் உண்மையைச் சொன்னேன். காகு நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வியாழன் காலை, துவைத்த புடவைகளை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து எங்கள் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப்போட்டார். மாலையில் இன்னொரு வாளி. வெள்ளியும் அப்படியே. நாங்கள் ஹாலில் படுத்தோம். எண் அறுபத்தெட்டில் நின்றது.

சனிக்கிழமை மைத்துனன் வந்தான். ஒன்பது கெஜப் புடவைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு சுருட்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் மெல்ல அழுத்திப் பார்த்தான்.

"அத்தான், எப்படி இதை இவ்வளவு நாள் ஆடாம வச்சிருந்தீங்க?"

"மேல்வீட்டுக் காகுவைக் கேளு," என்றாள் அவன் அக்கா.

நன்றி சொல்ல அவனே மேலே போனான். ஆறடி உயரம், முறுக்கிய மீசை. அவன் வாயைத் திறப்பதற்குள் காகு, குழாய் சரியாகிவிட்டது, பிளம்பர் ரசீதும் இருக்கிறது என்று மூன்று முறை சொல்லிவிட்டாராம்.