பெயிண்ட் தலைப்பில் பணம் இருந்தது

தென்காசியில் ஒரு கல்லூரியில் பொது நிர்வாகவியல் வகுப்பு நடத்துகிறேன். அதில் எனக்கு உயிரான பாடம் அரசு பட்ஜெட். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க நகரங்களில் பதவியில் இருந்தவர்கள் ஊர்ப்பணத்தை அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். சில அறிஞர்கள் கூடி யோசித்து, ஒவ்வொரு செலவுக்கும் தனித் தலைப்பு போடு, ஒன்றின் பணத்தை இன்னொன்றுக்குத் தொடாதே என்றார்கள். திருட்டுக்குப் பூட்டுப் போட்ட மகராசன்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியப் புகழ்வேன்.

அக்கா குற்றாலத்தில் இருக்கிறாள். சீசனில் அருவிப் பக்கம் எண்ணெயும் சோப்பும் விற்பாள். அவள் தெருவிலிருந்து ரோட்டுக்கு இறங்க ஒரே வழி, பாறையோரத்துப் படிக்கட்டு. மூட்டுவலிக்காரி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் இறங்குவாள். அந்தக் கம்பி அடியில் துருவேறி இற்றுப்போய் ஆடியது. சாரல் தொடங்கினால் படியில் பாசி வேறு.

“ஏலே, நீ இந்த கவர்மெண்ட்டுத் துட்டுப் பாடத்தத்தானல நடத்துத? போயி மாத்தச் சொல்லு. என்னைக்காவது விழுந்து கெடக்கப் போறேன்.”

போனேன். பேரூராட்சி அலுவலகத்தில் இருந்தவன் என் பழைய மாணவன். பதறி எழுந்தான், டீ வரவழைத்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

“ரிப்பேர் தலைப்புல துட்டு இல்ல சார். பெயிண்ட் தலைப்புலதான் கெடக்கு. அத எடுத்து இதுக்குப் போட்டா ஆடிட்ல என்னைய உரிச்சிருவாவ. நீங்கதான சார் சொல்லிக் குடுத்திய?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்ட? முழு மதிப்பெண் போட வேண்டிய பதில். பாவம், மேலே எழுதிக் கேட்டான். பதிலே இல்லை. மேலதிகாரியிடம் நானும் போய் நின்றேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். இதை எந்த முகத்தோடு அக்காவிடம் சொல்வது? “எழுதிருக்காவ, ஆயிரும்க்கா” என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் கடைசியில், மிச்சப் பணம் திரும்பிப் போய்விடுமே என்று கண்டதற்கெல்லாம் பெயிண்ட் அடித்தார்கள். அந்தக் கம்பிக்கும் துருவின் மேலேயே பச்சை அடித்துவிட்டார்கள். விடைத்தாள் திருத்தப் போயிருந்த எனக்கு இது தெரியாது.

முதல் சாரலில் கம்பி கையோடு வந்துவிட்டது. அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இனிமேல் தனியாக நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“புதுப் பெயிண்டப் பாத்ததும், எந்தம்பி சொல்லித்தான் சரி பண்ணிட்டாவன்னு தெருவெல்லாம் பெருமையடிச்சேம்ல. அதான் நம்பி நல்லா அழுத்திப் பிடிச்சேன்.”