நான் முறுக்கிய வயர்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களோடு வாதாட எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைத்திருந்தவன் நான். எனக்கு நடந்தது வெள்ளவத்தையில், ஒரு புதன்கிழமை, பட்டப்பகல் இரண்டு மணிக்கு.

என் பெயர் வினோதன். இருப்பது கொட்டாஞ்சேனையில். ஓவன், வாஷிங் மெஷின் திருத்துவது தொழில். அன்று போனது அருந்ததி அக்கா என்பவரின் வீட்டுக்கு. மூன்றாம் மாடி. கரண்ட் ஓவனில் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை.

"என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"சம்பந்தி ஆக்கள் குசினியை வந்து பாப்பினம் எண்டு உந்தக் கிளீன் பட்டனை அமத்தினனான், தம்பி. மூண்டு மணித்தியாலம் ஓடினது. அதுக்குப் பிறகு இப்பிடி."

எனக்கு எரிச்சல் வந்தது. தன்னைத்தானே சுத்தம் செய்யும் ஓவன் என்று சொல்லி விற்கிறார்கள். அந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளே ஐந்நூறு பாகை அளவுக்குச் சூடு ஏறி, ஊத்தையெல்லாம் சாம்பலாகும். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டாமா? இங்கே சமையலறைப் பலகை அலுமாரிக்குள், காற்றுப் போக ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் ஓவனை இறுக்கி வைத்திருந்தார்கள். செய்த தச்சனை நிற்கவைத்து ஏச வேண்டும்.

வீட்டுக் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சை விழுத்தினேன். ஓவனை வெளியே இழுத்து, பின் தகட்டைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்தேன். நினைத்தது சரி. தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. சூடு எல்லை மீறினால் கரண்டை வெட்டுகிற சின்னச் சாமான் அது. தன் வேலையைச் செய்திருந்தது.

"புதுசு வெளிநாட்டிலயிருந்து எடுக்கவேணும், அக்கா. மூண்டு கிழமை."

"ஐயோ தம்பி, நாளையிண்டைக்கு மகளின்ட கலியாண எழுத்து! கேக் இன்னும் அடிக்கேல்லை. ஏதாவது செய்து தாங்கோ."

அந்த 'ஏதாவது' எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டு வயரை முறுக்கி விடுவோம். டிரெக்ட் போடுவது என்போம். ஓவன் சூடாகும். ஆனால் யாராவது திரும்பவும் கிளீன் பட்டனை அழுத்தினால், கரண்டை வெட்ட ஒன்றும் இருக்காது. பலகை தீப்பற்றும். "அதை மட்டும் அமத்தாதையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

இதனால்தான் எனக்கும் தயாபரனுக்கும் முறிந்தது. ஆறு வருடம் ஒன்றாகத் தொழில் செய்தோம். "நீ எத்தனை தரம் சொன்னாலும் சனம் அமத்தும். வீடு எரியும்" என்பான். ஒருநாள் கிராண்ட்பாஸில், சாமான் வாங்கப் போன கடையில், எல்லார் முன்னாலும் என்னைக் கொலைகாரன் என்று கத்தினான். அன்றோடு கதை பேச்சு இல்லை. போன மாசியில் மாரடைப்பில் செத்துப்போனான். செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

2.10க்கு வயரை முறுக்கினேன். ட்ரிப்பைப் போட்டு, ஓவனை ஓட விட்டேன். ஐந்து நிமிடம் ஆகியும் சூடு இல்லை. பின்னால் எட்டிப் பார்த்தேன். வயர் நிலத்தில் கிடந்தது. முறுக்கே இல்லை. நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது.

"அக்கா, இதைத் தொட்டனீங்களோ?"

"நான் ஹோலுக்கதானே இருக்கிறன்!"

2.25. ட்ரிப்பை விழுத்தி, குறட்டால் இறுக்கி முறுக்கினேன். சுவிட்ச் இருந்தது குசினி வாசலில். ஐந்து எட்டுத் தூரம். ட்ரிப்பைப் போடத் திரும்பி நடந்தேன்.

டிக்...

வயர் நிலத்தில். நேராக.

தயாபரன் ஒரு வயரையும் வீசமாட்டான். கழற்றியதை விரலால் நீவி, நேராக்கித்தான் வைப்பான்.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். "செத்தும் என்னை விடமாட்டியோடா?" என்று குசினிக்குள் நின்று கத்தினேன்.

2.40. மூன்றாம் தரம். இம்முறை கண்ணை எடுக்கவில்லை.

ஓவன் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கரண்டே இல்லை, ட்ரிப் விழுந்துதான் இருந்தது.

உள்ளேயிருந்து... டொக்... டொக்...

வயர் கழன்றது. என் கண் முன்னால். ஒவ்வொரு சுற்றாக...

பாய்ந்து பிடித்தேன்.

மறுமுனையை யாரோ இழுத்தார்கள்.

"விடடா!" என்று கத்தினேன்.

விட்டது.

திரும்பவும் முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டினேன். 3.05க்கு ஓவன் சூடானது. தகட்டைப் பூட்டி, அக்காவுக்கு வழக்கமான புத்தியைச் சொல்லிவிட்டு இறங்கினேன். படியிறங்கும்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை 10.40க்கு அருந்ததி அக்கா கோல் எடுத்தார்.

"கேக் நல்லா வந்திருக்கு, தம்பி. நேற்றுப் பின்னேரம் நீங்கள் அனுப்பின ஆளுக்கும் நன்றி சொல்லிவிடுங்கோ."

"எந்த ஆள்?"

"ஆறு மணிக்கு வந்தவர். மெலிஞ்ச ஆள். ஒரு சொல்லும் கதைக்கேல்லை, முகத்தில சரியான கோபம். பின்பக்கம் ஏதோ சின்னச் சாமான் ஒண்டைப் பூட்டிப்போட்டு, உங்கட வயரை எடுத்துக்கொண்டு போட்டார்."

நான் ஒருவரையும் அனுப்பவில்லை.

10.52. என் மனைவி ரூபிகாவின் கோல்.

"எங்கட ஓவனால புகை வருது. பலகை கறுக்குது. கோழி எண்ணெய் கொட்டிப்போச்செண்டு கிளீன் போட்டனான்..."

"ட்ரிப்பை விழுத்து! பிள்ளையத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடு!"

மகளுக்கு இரண்டு வயது. குசினிக்கு அடுத்த அறையில் நித்திரை.

ஆட்டோவில் போய் இறங்கியபோது ரூபிகா றோட்டில் நின்றாள். பிள்ளை அவள் தோளில். இருமிக்கொண்டிருந்தது.

ஓவனை இழுத்தேன். பின் தகட்டைத் திறந்தேன்.

ஃபியூஸ் இல்லை.

அந்த இடத்தில் ஒரு வயர். ஈயம் வைத்து ஒட்டியது.

நான் இடதுகைக்காரன். என் முறுக்கு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் போகும். அது என் முறுக்கு.

என் வீட்டு ஃபியூஸை அன்று பின்னேரமே கண்டுபிடித்தேன். என் ஓவன் கம்பனியின் பெயரோடு, அருந்ததி அக்கா வீட்டு ஓவனில் அழகாகப் பூட்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் ஓவனின் பின் தகட்டில் கம்பனி ஒட்டிய சீல் இருந்தது. திறக்கும்போது அதைக் கிழித்தவன் நான்தான். வாங்கிய நாளிலிருந்து அதுவரை அந்தத் தகட்டை யாரும் திறக்கவில்லை.

தயாபரன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். என் பிள்ளையை வைத்தா எனக்குப் பாடம் படிப்பிப்பது? இதைக் கேட்டால் ரூபிகா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எத்தனை வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள் என்று கேட்கிற பார்வை.

அருந்ததி அக்கா வீட்டுக்கு முன்பே பதினேழு வீடுகளில் டிரெக்ட் போட்டிருந்தேன். பதினான்கு வீடுகளுக்குத் திரும்பப் போய்க் கழற்றிவிட்டேன். மிச்சம் மூன்று வீட்டுக்காரரும் நம்பரை மாற்றி, வெளிநாடு போய்விட்டார்கள். வெள்ளவத்தைப் பக்கம்தான். மாடி வீடுகள். ஓவனோடு வாடகைக்கு விட்டிருக்கிறார்களாம். இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீங்களாக இருந்தால், தயவுசெய்து அந்தப் பட்டனை அழுத்தாதீர்கள்.