காற்றாடிப் பிளேடில் பூத்த வெள்ளை

எனக்குத் தெரிந்தது பஞ்சு. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இழையின் நீளம், வலு, ஈரம் என்று எதைக் கேட்டாலும் சொல்லுவேன். உலோகத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்பதைத் தவிர எனக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியாது. அதுவும் பாதிதான் உண்மை என்று பிறகு தெரிந்தது.

அன்று காலை மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஹியூமிடிட்டி பிளான்ட் அறையில் இரண்டாவது காற்றாடியை நிறுத்தி வைத்திருந்தார்கள். காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீரைத் தெளித்து, ஈரமான காற்றை ஆளுயரக் காற்றாடிகள் வழியே ஸ்பின்னிங் ஹாலுக்குள் தள்ளுவோம். இரண்டாவது காற்றாடி விடியற்காலையில் கட்டடமே அதிரும்படி ஆடியிருக்கிறது. ஹாலில் இருந்த பெண்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கழற்றி வைத்திருந்த பிளேடை இன்ஜினியர் என் பக்கம் திருப்பினார். அலுமினியப் பிளேடு. அதன் மேல் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. விரலால் துடைத்தேன். அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அடிப்பாகத்தில் ஒரு விரிசல், குழிகளைத் தொட்டுத் தொட்டு ஓடியிருந்தது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. முதலாளி கேக்குறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட கேட்டுரலாம்னுதான் கூப்பிட்டேன். ஒங்க தம்பி எதையாச்சும் கலந்துட்டாரோ?"

பிளேடுகளை வார்த்தது என் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில், வன்னியம்பட்டி போகிற வழியில், சின்னதாக ஒரு வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறான். பழைய பிளேடுகள் தேய்ந்தபோது அவன் பெயரைச் சொன்னது நான்தான். முதல் செட்டை முதல் காற்றாடியில் மாட்டினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஓடி, இன்னும் பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவது செட்டுக்கு ஒரு வருடம்கூட முடியவில்லை. அதே அச்சு, அதே தண்ணீர், அதே காற்று. அதே தம்பி. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் காற்றாடியிலும் ஒன்றைக் கழற்றச் சொல்லி, இரண்டு செட்டிலும் ஒவ்வொரு பிளேடைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். "ஏமாத்துனியா?" என்று எப்படிக் கேட்பது?

அவன் கேட்க விடவில்லை. பிளேடைப் பார்த்ததும் குழிகளை விரலால் தடவினான். பிறகு அரத்தை எடுத்து முதல் பிளேடின் ஓரத்தில் இழுத்தான். அரம் சுலபமாக இறங்கியது. குழி விழுந்த பிளேடில் இழுத்தான். வழுக்கிக்கொண்டு போனது.

"பாருக்கா. கெட்டுப் போனதுதான் கெட்டியா இருக்கு. மெத்துனு இருக்கது நல்லா இருக்கு. எப்படிக்கா இது?"

"ஏலே, என்னைய கேட்டா? என்னத்தலே ஊத்துன ரெண்டாவதுக்கு?"

"முதல்ல புது அலுமினியக் கட்டியா வாங்கி ஊத்துனேன். ரெண்டாவது தடவ அது கெடைக்கல. பொறவு பைக்கு, காரு எஞ்சின் உடைச்ச ஸ்கிராப். பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன்க்கா. எஞ்சினுக்கே தாங்குற சாமான், காத்தாடிக்குத் தாங்காதா? முந்தினத விட ஒசத்தியாத்தான் குடுத்தேன்."

அவன் கண்ணில் பொய் இல்லை. அதுதான் என் குழப்பத்தை இன்னும் கூட்டியது. ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். உயர்ந்தது என்று நம்பிக் கொடுத்தவனை என்ன செய்வது? சொல்லாமல் மாற்றியது தப்புதான். ஆனால் சொல்லியிருந்தால் நாங்களும், "எஞ்சின் சாமானா, பேஷ்" என்று வாங்கியிருப்போமே.

மறுநாள் இருவரும் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு சோதனைக்கூடம். துண்டை வைத்து மின்பொறி தட்டினால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மெஷின் சொல்லிவிடுகிறது. அங்கிருந்த இளம்பெண், குழி விழுந்த பிளேடில் செம்பு நிறைய இருக்கிறது, துத்தநாகமும் இருக்கிறது என்றாள். முதல் பிளேடில் அலுமினியத்தோடு சிலிக்கான்தான். செம்பு பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"செம்பு நல்ல சாமான்தானே?" என்றான் தம்பி.

"வலுவுக்கு நல்லது சார். எஞ்சின்ல அதுக்காகத்தான் போடுறாங்க. தண்ணிக்கு ஆகாது."

மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். மெருகேற்றிய துண்டு. வயல் வரப்புகளைப் போலக் கோடுகள் தெரிந்தன. உருகிய உலோகம் ஆறும்போது செம்பு முழுக்க ஒரே சீராகக் கரைந்து நிற்காதாம். மிச்சம் அந்த வரப்புகளில் ஒதுங்கிவிடுமாம். அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய தோல் படிகிறது. அதைக் காப்பாற்றுவது அந்தத் தோல்தான். செம்பு ஒதுங்கிய இடத்தில் தோல் சரியாக மூடாது. உப்புத் தண்ணீர் பட்டதும் செம்பு சும்மா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் உள்ள அலுமினியம் கரைந்து போகிறது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு. பாசிக்காகத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரும் போடுகிறோம். இரண்டும் சேர்ந்து தின்றிருக்கின்றன.

புரிந்தது என்று நினைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். மறுநாளே இன்ஜினியர் இன்னொரு பிளேடைக் கொண்டுவந்து வைத்தார். கெட்டுப்போன அதே செட்டில் உள்ளது. துடைத்துப் பார்த்தால் லேசான மங்கல், அவ்வளவுதான். ஒரு குழி இல்லை.

"இது மட்டும் எப்படி மேடம்?"

தம்பிக்குப் போன் செய்தேன். "மொத செட்டுக்கு வாங்குன கட்டி மிச்சம் கெடந்துச்சா, அதுல இத ஊத்துனியாலே?"

"ஞாபகமில்லக்கா. அம்புட்டும் ஒரே உலைதான்னு நெனைக்கேன்."

அதையும் மதுரைக்கு அனுப்பினோம். செம்பு இருந்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சீக்கிரம் ஆறியிருக்கலாம், வரப்பில் ஒதுங்கச் செம்புக்கு நேரம் கிடைத்திருக்காது என்றாள் அந்தப் பெண். மற்றவற்றுக்குப் பிந்தி மாட்டியதாக இருக்கலாம் என்றும் சொன்னாள். எது என்று அவளுக்கும் தெரியவில்லை. எந்தப் பிளேடை எப்போது மாட்டினார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் முதலாளியிடம் சொன்னேன். எனக்கே பாதி விளங்காததை எப்படிச் சொன்னேனோ. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஆக, ஒங்க தம்பி தப்பு பண்ணாரா, இல்லையா?" என்றார். பக்கத்தில் நின்ற இன்ஜினியர்தான், "தெரியாமப் பண்ணிட்டாரு சார். திரும்ப அவரே ஊத்தட்டும், சோதிச்சு வாங்கிக்கிருவோம்" என்றார்.

தம்பி சிலிக்கான் கலந்த புதுக் கட்டி தேடி வாங்கினான். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஒரு துண்டு வார்த்து முதலில் மதுரைக்கு அனுப்பினான். முடிவு வந்த பிறகுதான் பிளேடைக் கொண்டுவந்தான். மாட்டியபோது அவனும் பிளான்ட் அறையில் நின்றான். காற்றாடி சுற்ற ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில்கூட அவன் அப்படிப் பிடித்ததில்லை.

"அவிய என்னையத் திருடன்னு நெனைச்சாவளாக்கா?"

"இல்லலே."

"நீ?"

காற்றாடிச் சத்தத்தில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். நினைத்தேனா இல்லையா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் ஸ்கிராப் என்று எதைக் கண்டாலும் அவன் பயப்படுகிறான். போன வாரம் அவன் மனைவி போன் செய்து, "மதினி, நம்ம இட்லிக் கொப்பரை அலுமினியம்தானே, அதுல செம்பு இருக்குமா?" என்று கேட்டாள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.